விதை நேர்த்தியும் நாற்பது நாள் காவலும்

சம்பா நாற்று விடும் பருவம் நெருங்குந்தோறும் நெல் விளையும் கிராமங்களில் ஒரு வாதம் எழுவது வழக்கம். விதைக்குப் பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்து விதைப்பது அவசியமா, அன்றி வீண் செலவா என்பதே அவ்வாதம். ஒரு சாரார், "மருந்து கலந்த நிலத்திலும் குலை நோய் வந்தது, கலவாத நிலத்திலும் வந்தது, ஆகையால் மருந்து வீண்" என்பர். மற்றொரு சாரார், விதைக்கு மருந்து இட்டாயிற்று, இனி அறுவடை வரையில் கவலை ஒழிந்தது என்று வாளாவிருப்பர். முன்னவர் மருந்தை இகழ்கின்றனர்; பின்னவர் அதனை அளவுக்கு மிஞ்சி நம்புகின்றனர். இவ்விருவர் கொள்கையும் பிழையே. அன்றியும், இரண்டாவது பிழையே முதற் பிழைக்குத் தாயாக இருக்கின்றது. அளவுக்கு மிஞ்சி நம்பியவர் ஒருமுறை நஷ்டம் கண்டபின், நம்பத் தகுந்த அளவிற்கும் நம்பிக்கை இழந்து அப்பழக்கத்தையே கைவிட்டுவிடுகின்றனர்.

விதை நேர்த்தி என்பது பயிருக்கு வைக்கும் ஒரு காவல். எந்தக் காவலுக்கும் ஓர் எல்லையும் ஒரு கெடுவும் உண்டு. நெல் விதையை மருந்துக் கரைசலில் ஊறவைத்து விதைத்தால், நாற்றைக் குலை நோயினின்றும் சுமார் 40 நாள் வரையில் காக்கலாம் என்பது ஆராய்ச்சி நிலையங்களின் முடிவு. அந்த 40 நாளும் மதிப்புடையவை. அவற்றை இழத்தல் கூடாது. ஆனால் சம்பாப் பயிரின் ஆயுள் 150 நாள். எஞ்சிய 110 நாளுக்கும் அதே காவல் நிற்கும் என்று எண்ணுவதே ஆண்டுதோறும் பலரை மோசம் போக்குகின்றது.

கோதுமையில் தோன்றிய வழக்கம்

விதைக்கு மருந்திடும் முறை நெல்லில் தோன்றியதன்று, கோதுமையில் தோன்றியது. மணிக்குள் மாவுக்குப் பதிலாகத் துர்நாற்றமுள்ள கரும்பொடியை நிரப்பும் கரிப்பூட்டை நோய் ஐரோப்பாவின் கோதுமை வயல்களைப் பன்னெடுங்காலம் வருத்தி வந்தது. 1755இல் பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த தில்லே என்பவர், அக்கரும்பொடி விதையின்மேல் ஒட்டிக்கொண்டு அடுத்த பயிருக்கு நோயைக் கொண்டுபோகின்றது என்பதைப் பரீட்சை வயல்களில் காட்டினார். 1807இல் பிரெவோ என்பவர், அப்பொடி உயிருள்ள பூஞ்சைக் காளானின் வித்து என்பதையும், தாமிரம் கலந்த நீர் அதனை முளையாமல் தடுக்கின்றது என்பதையும் வெளியிட்டார். அதுமுதல் மயில்துத்தம் விதைக்கு மருந்தாயிற்று. சென்னை மாகாணத்திலும் சோளத்தின் கரிப்பூட்டை நோய்க்கு விதையை மயில்துத்தக் கரைசலில் நனைப்பதும், பின்னர் நுண்ணிய கந்தகத் தூளுடன் குலுக்கி விதைப்பதும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் குடியானவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன.

இந்நோய்களில் விதை மருந்து கண்கூடான பலனைத் தந்தது. அதன் காரணத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். கதிரில் கரிப்பொடியாக வெளிப்படும் அந்நோய், விதையின்மேல் ஒட்டியிருந்து முளைக்கும் தருணத்தில்தான் பயிருக்குள் நுழைகின்றது. அவ்வாயிலை அடைத்துவிட்டால் பயிரின் ஆயுள் முழுவதும் வேறு வாயில் அதற்கு இல்லை. ஆகவே ஒரு நாள் செய்த வேலை ஒரு போகத்திற்குப் போதுமானதாயிற்று. விதை மருந்து என்றால் முழு மருந்து என்ற நம்பிக்கை குடியானவர் மனத்தில் வேரூன்றியது இவ்வாறே.

இலை நோயின் செய்தி வேறு. பழைய மருந்துகள் யாவும் விதையின் மேற்புறத்தோடு நின்றவை. இலைக்கு அவை ஏறுவதில்லை. 1966இல் கார்பாக்சின் என்னும் மருந்து வெளிவந்த பின்னரே, விதையில் இட்ட மருந்து பயிரின் உட்சாறோடு கலந்து மேலேறும் என்பது அனுபவத்திற்கு வந்தது. அதன் பின்னர்க் கார்பெண்டாசிம், டிரைசைக்கிளசோல் முதலியன வந்தன. விதையின் வழியாக இலையைக் காக்கலாம் என்ற எண்ணம் இவற்றால் கைகூடிற்று. ஆனால் ஓரளவிற்கே கைகூடிற்று. கரிப்பூட்டைக்கு விதை மருந்து முழு மருந்து. இலை நோய்க்கு அது அரை மருந்து. இந்த வேற்றுமையை உணராமல் பழைய நம்பிக்கையைப் புதிய இடத்தில் வைப்பதே தவறு.

விதையில் இருக்கும் நோயும் காற்றில் வரும் நோயும்

நெல்லின் இலையைத் தாக்கும் காளான் நோய்களுள் இரண்டு இங்கே கவனிக்கத்தக்கவை. ஒன்று செம்புள்ளி நோய். மற்றொன்று குலை நோய்.

செம்புள்ளி நோய் எள் வடிவில் பழுப்புநிறப் புள்ளிகளாக இலையிலும் நெல்மணியிலும் தோன்றும். இதன் காளான் விதையிலேயே குடியிருந்து நாற்றுக்கு வருகின்றது. சத்து வற்றிய, சாம்பற்சத்துக் குறைந்த நிலத்தில் இது மிகும். 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்திற்கு, அதற்கு முந்திய ஆண்டில் நெற்பயிரை அழித்த இந்நோயும் ஒரு காரணம் என்று கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். ஒய். பத்மநாபன் 1973இல் எழுதினார். விதையே இதற்கு முக்கியமான வாகனம் ஆதலின், விதை நேர்த்தி இதன் முதல் தாக்குதலைப் பெரிதும் குறைக்கின்றது.

குலை நோய் அத்தகையதன்று. 1919இல் தஞ்சை டெல்டாவில் பெருஞ்சேதம் விளைத்த நோய் இதுவே. இலையில் இருமுனையும் கூர்ந்து நடுப்பகுதி பருத்த, நெசவுத் தாரின் உருவங்கொண்ட புள்ளிகள் தோன்றும். அவற்றின் நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் காணப்படும். இதன் காளான் விதையிலும் சிறிது தங்கும். ஆயினும் நோயுற்ற வைக்கோல், தாள், வரப்புப் புல் ஆகியவற்றில் வாழ்ந்து, இரவில் வித்துக்களைக் காற்றில் விடுவதே அதன் பெருவழி. ஒரு புள்ளியிலிருந்து ஆயிரக்கணக்கான வித்துக்கள் பறக்கின்றன. பனி ஈரம் இலையில் நெடுநேரம் நின்று, இரவு குளிர்ந்து, பயிரும் தழைச்சத்தால் கொழுத்திருக்குமாயின், அவ்வித்துக்கள் ஒரு வார காலத்திற்குள் புதிய புள்ளிகளாகி மீண்டும் வித்துக்களை விடுகின்றன. அண்டை வயலிலிருந்து காற்றில் வரும் வித்துக்கு, இவ்வயலின் விதை மருந்து கலந்ததா இல்லையா என்பது ஒரு பொருட்டன்று. அது வந்து விழும் நாளில் இலையில் மருந்து இருக்கின்றதா என்பதே பொருட்டு.

காற்றில் வரும் நோயின் வலிமைக்குக் கோதுமையிலிருந்தே ஒரு சான்று உண்டு. கோதுமையின் துரு நோய் சமவெளியின் கோடை வெப்பத்தில் மடிந்துபோகின்றது. மடிந்தது மறு ஆண்டு மீண்டும் தோன்றுவது எவ்வாறு என்ற கேள்விக்கு ஆக்ராவில் ஆராய்ச்சி நடத்திய கே. சி. மேத்தா விடை கண்டார். மலைகளின் குளிரில் ஆண்டு முழுவதும் உயிரோடிருந்து, அங்கிருந்தே துரு சமவெளிக்கு இறங்குகின்றது என்று அவர் காட்டினார். தென்னாட்டில் நீலகிரியும் பழனி மலையும் அவ்விடங்களாம். நீலகிரியிலிருந்து புறப்பட்ட துரு மத்திய இந்தியாவின் கோதுமையை அடைவதை எந்த விதை மருந்து தடுக்கும்? இளம்பயிரின் முதல் இலைகளை அது சில வாரங்கள் காக்கும். மணி முற்றும் காலத்தில் உணவு ஊட்டும் கண்ணாடி இலையைக் காப்பதற்குத் துருவை எதிர்க்கும் இரகமும், காலமறிந்த தெளிப்புமே வேண்டும்.

ஆனால் விதையை இகழ்வதற்கும் இடமில்லை. குலை நோய்க் காளானின் மற்றொரு வகை 1985இல் பிரேசில் நாட்டில் முதன்முதலாகக் கோதுமையில் காணப்பட்டது. 2016இல் அது கடல் கடந்து வங்காள தேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமையைத் தாக்கியது. அங்கே கண்ட காளான் தென்னமெரிக்க வமிசத்தைச் சேர்ந்தது என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். அத்தொலைவை அது தானியத்தோடு கடந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. மேற்கு வங்கத்தில் எல்லையை ஒட்டிய நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் 2017 முதல் சில ஆண்டுகள் கோதுமைச் சாகுபடியையே நிறுத்திவைக்க நேர்ந்தது. காற்று ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் நோயை விதை நாடுவிட்டு நாடு கொண்டுபோகின்றது. ஆகவே சுத்தமான விதையும் விதை நேர்த்தியும் தள்ளத் தகாதவை. அவற்றின் எல்லையை அறிந்து கொள்ளவேண்டும் என்பதே இங்குச் சொல்லப்படுவது.

நாற்பது நாள் கணக்கு

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது பழமொழி. விதை மருந்தின் கெடு ஏன் குறுகியது என்பதைச் சிறு கணக்கினால் அறியலாம். ஒரு கிலோ விதைக்கு 2 கிராம் மருந்து இடப்படுகின்றது. ஒரு கிலோ நெல்லில் இரகத்திற்கேற்ப 40,000 முதல் 60,000 மணிகள் இருக்கும். அவ்வாறாயின் ஒரு மணிக்குக் கிடைக்கும் மருந்து ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்குக்கு மேற்படாது. இரண்டு மூன்று இலையுள்ள நாற்றுக்கு அது போதும். அதே நாற்று பல தூர்கள் வெடித்து, இடுப்பளவு வளர்ந்து, ஒவ்வொரு தூரிலும் புதிய இலைகளை விடும்போது அந்த அணுப்பிரமாண மருந்து எம்மூலைக்குக் காணும்? நாளடைவில் அது சிதைந்தும் போகின்றது.

மருந்தின் இயல்பையும் கருத வேண்டும். டிரைசைக்கிளசோல் என்பது காளானை நேரே கொல்வதன்று. இலையின்மேல் விழுந்த காளான் வித்து, கருநிறப் பொருள் ஒன்றினால் தன் உறுப்பை உறுதியாக்கி, அதனைக் கொண்டே இலைத்தோலைத் துளைக்கின்றது. அக்கருநிறப் பொருள் உண்டாகாமல் இம்மருந்து தடுக்கின்றது. துளைக்க வலுவின்றிக் காளான் வெளியே நின்றுவிடுகின்றது. ஆகையால் வித்து விழுவதற்கு முன்பே மருந்து இலையில் இருத்தல் வேண்டும். திருடன் புகுந்தபின் கதவைத் தாழிடுவதால் பயனில்லை.

இனி ஒரு நிலத்தை எடுத்துக்கொள்க. ஆவணி மாதம் ஆகஸ்டு 25ஆந் தேதி நாற்று விட்டதாகக் கொண்டால், 30 நாள் நாற்றைச் செப்டம்பர் 24இல் நடலாம். விதை மருந்தின் கெடு அக்டோபர் 4ஆந் தேதி முடிகின்றது. அஃதாவது நட்டுப் பத்தாம் நாள், நாற்று வேர்பிடித்துப் பச்சை கட்டும் தருணத்திலேயே காவல் விலகிவிடுகின்றது. தூர் வெடிக்கும் காலம் அதற்குப் பின்னர்த்தான். கதிர் புறப்படுவதோ டிசம்பர் 20ஆந் தேதி சுமாருக்கு, மார்கழிப் பனி இலையில் காலை நெடுநேரம் வரையில் நிற்கும் காலத்தில். குலை நோய் விரும்பும் பருவமும் அதுவே. அப்பொழுது கதிரின் கழுத்தை நோய் பற்றினால் கழுத்துக் கறுத்து, பால் ஏறாமல் மணி பதராகி, கதிர் ஒடிந்து தொங்கும். இலையில் வந்த நோயினால் ஒரு பகுதி மகசூல் குறையும். கழுத்தில் வந்த நோயினால் கைக்கு வந்த மகசூலே போய்விடும். அந்நாளில் விதை மருந்தின் கெடு முடிந்து இரண்டரை மாதம் ஆகியிருக்கும்.

இதைக் கொண்டு விதை மருந்து பொய்த்தது என்று கூறுவது, இரவுக் காவற்காரனைப் பகலில் நடந்த களவுக்குக் குற்றஞ் சாட்டுவது போலாகும். அவன் தன் வேளையில் தன் வேலையைச் செய்தே போயினான். அடுத்த வேளைக்குக் காவல் வையாதது நிலத்துக்குடையவரின் குறை.

கெடு முடிந்தபின் செய்யவேண்டியவை

முதலாவது, இரகத்தைத் தெரிந்தெடுத்தல். மருந்துகள் வருமுன்பே இந்நாட்டில் குலை நோயை எதிர்த்தது இரகமே. கோயமுத்தூரில் தெரிந்தெடுத்த கோ 4 என்னும் இரகம் இந்நோயைத் தாங்குவது கண்டு, நோய்க்கு எளிதில் இரையாகும் கொறங்குச் சம்பாவாகிய ஆடுதுறை 10உடன் ஒட்டுச் சேர்த்துக் கோ 25 உண்டாக்கப்பட்டது. இன்று சந்தையில் விலைபோகும் சன்ன இரகங்களுள் பி.பி.டி. 5204 குலை நோயைத் தாங்காது என்பது யாவரும் அறிந்ததே. விலையைக் கருதி அதனைப் பயிரிடுவோர், நோயையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டவர் என்பதை மறவாமல், கூடுதல் கவனத்திற்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். எவ்விரகத்தின் எதிர்ப்பும் என்றும் நிலையானதன்று. ஆதலின் வட்டார விவசாய விரிவாக்க நிலையத்தில் ஆண்டுதோறும் விசாரித்தறிதல் நலம்.

இரண்டாவது, யூரியாவில் சிக்கனம். ஒரே தடவையில் யூரியாவை அள்ளியிட்டுக் கருநீலப் பச்சையாய் வளர்ந்த பயிரைக் கண்டு மகிழ்பவர், குலை நோய்க்கு விருந்து சமைக்கின்றனர். அடியுரம், தூர் வெடிப்பு, கதிர் உருவாதல், கதிர் வெளிவருதல் ஆகிய நான்கு தருணங்களில் தழைச்சத்தைப் பகுத்து இடுதல் வேண்டும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பயிர் கேட்டால் மட்டும் இடுவது இன்னும் மேலானது. நோய்ப் புள்ளி கண்ட வயலில், அது அடங்கும் வரையில் மேலுரம் யூரியாவை நிறுத்திவைக்க வேண்டும்.

மூன்றாவது, வரப்பும் நாற்றங்காலும். வரப்பிலும் வாய்க்காலிலும் உள்ள புல்லை அகற்றவேண்டும். நோயுற்ற வயலின் வைக்கோலை நாற்றங்கால் அருகே போர் போடலாகாது. நாற்றங்காலைக் காயவிடலாகாது, நீர் நின்ற நாற்றங்காலைவிடக் காய்ந்த நாற்றங்காலில் குலை நோய் மிகும்.

நான்காவது, கண்காணிப்பு. நட்ட பத்தாம் நாள் முதல் வாரத்திற்கு இருமுறை வயலுக்குள் இறங்கி நடந்து இலையைப் புரட்டிப் பார்க்கவேண்டும். வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு நோய் தெரியும் நாளில் அது பாதி வயலைக் கடந்திருக்கும். தார் வடிவப் புள்ளிகள் பெருகினாலும், நோய் கண்ட வயலில் கதிர் புறப்படும் தருணம் வந்தாலும், நெல்லுக்கென்று அங்கீகரித்த மருந்தை லேபிலில் கண்ட அளவுப்படி தெளிக்கவேண்டும். இலையின் நுனியிலிருந்து ஓரம் மஞ்சளாகி அலையலையாய்க் காய்ந்து வருமாயின் அது பாக்டீரியா இலைக் கருகல். அதற்குப் பூஞ்சைக்கொல்லி தெளிப்பது பணத்தை நீரில் கரைப்பதாகும். அறுவடையை ஒட்டித் தெளிப்பதும் தகாது. டிரைசைக்கிளசோல் அரிசியில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்று ஐரோப்பிய நாடுகள் 2017இன் இறுதியிலிருந்து விதித்த கட்டுப்பாடு, ஏற்றுமதி அரிசிக்கு எவ்வளவு தடையாயிற்று என்பது வட நாட்டுப் பாஸ்மதிக் குடியானவர்கள் அறிந்ததே.

விதை நேர்த்தியின் செய்முறை

மத்திய வயதுள்ள இரகத்திற்கு ஏக்கர் ஒன்றுக்கு நடவு விதை 16 கிலோ போதும். முதலில் முட்டை மிதக்கும் அளவு உப்பைக் கரைத்த நீரில் விதையைக் கொட்டி, மிதக்கும் பதரை அகற்றி, அடியில் தங்கிய மணியை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவவேண்டும். பின்னர் லிட்டர் நீருக்கு 2 கிராம் வீதம் கார்பெண்டாசிம் அல்லது டிரைசைக்கிளசோல் கரைத்து, கிலோ விதைக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றி, 2 மணி நேரம் ஊறவைத்து, கரைசலை வடித்து, வழக்கம்போல் முளைகட்டி விதைக்கவேண்டும். 16 கிலோ விதைக்கு மருந்து 32 கிராமே ஆகின்றது. கதிர்ப் பருவத்தில் ஓர் ஏக்கரைத் தெளிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. மருந்து இடப்படும் இடமும் ஏக்கர் முழுவதுமன்று, 8 செண்டு நாற்றங்காலுக்குரிய விதை மட்டுமே. அரை மருந்தாயினும் இதனை விடலாகாது என்பதற்கு இக்கணக்கே போதிய காரணம்.

உலர்ந்த விதையோடு தூளைக் கலப்பதாயின், அளவு அதே 2 கிராம். ஊறவைப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகக் கலத்தல் வேண்டும். ஆயினும் மேற்கூறிய ஈர முறையே சிறந்தது. மருந்தை விரும்பாதவர் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிரைக் கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலந்த நீரில் விதையை ஓரிரவு ஊறவைத்து விதைக்கலாம். இரண்டையும் ஒருங்கே கலப்பது ஆகாது. பூஞ்சைக்கொல்லியும் உயிர் மருந்தும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை.

கையுறையின்றி மருந்தைத் தொடுவதும், வடித்த கரைசலைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டுவதும், மருந்து கரைத்த பாத்திரத்தைப் பின்னர் வீட்டு உபயோகத்திற்குக் கொள்வதும் அறவே விலக்கத்தக்கவை.

மீந்த விதை

விதை மருந்தைப் பற்றிய பேச்சில் அனைத்தினும் முக்கியமானதும், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மீந்துபோன விதையின் கதியே. நாற்றங்காலுக்குப் போக இரண்டு படி மீந்தால், அதனை வீணாக்க மனமின்றிக் கோழிக்கு இறைப்பதும், கழுவிக் காயவைத்துக் குத்திக்கொள்வதும் சிக்கனம் என்று எண்ணுவோர் உளர்.

1971இன் இறுதியில் ஈராக் நாட்டில் நடந்ததை இவர்கள் அறிதல் வேண்டும். அந்நாட்டில் விதைப்பதற்காக மெக்சிகோவிலிருந்து கோதுமை விதை தருவிக்கப்பட்டது. அவ்விதை மீதைல் பாதரசம் என்னும் மருந்தில் நேர்த்தி செய்யப்பட்டது. உண்ணலாகாது என்பதற்கு அடையாளமாகச் சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. மூட்டைகளில் எச்சரிக்கை இருந்தது. ஆனால் அதன் மொழி அவ்வூரார்க்குத் தெரியாத ஸ்பானிய மொழி. பல இடங்களுக்கு விதை வந்து சேர்ந்தபோது விதைப்புக் காலமும் கடந்துவிட்டது. குடியானவர்கள் தானியத்தைக் கழுவினர், சாயம் போயிற்று, சாயத்தோடு நஞ்சும் போயிற்று என்று நம்பி, அரைத்து ரொட்டி சுட்டு உண்டனர். நஞ்சு போகவில்லை. உடனே அது வெளிப்படவும் இல்லை; சில வாரங்கள் கழித்துக் கைகால் மரத்து, நடை தள்ளாடி, கண்ணொளியும் செவிப்புலனும் மங்கின. 6,530 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 459 பேர் இறந்தனர்.

பாதரச விதை மருந்துகள் ஒரு காலத்தில் இந்நாட்டிலும் வழங்கின; அவற்றுள் எஞ்சியிருந்த மெதாக்சி எதைல் பாதரசக் குளோரைடும் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தடை செய்யப்பட்டது. இன்றைய மருந்துகள் அத்துணைக் கொடியவை அல்ல. ஆயினும் நஞ்சு நஞ்சே. கழுவினால் போகும் என்ற எண்ணமும் அன்றைப் போலவே இன்றும் இருக்கின்றது. வேண்டிய அளவிற்கு மேல் விதைக்கு மருந்திடாதிருத்தலே முதல் வழி. மீந்தால் அண்டை நிலத்தார்க்கு விதைக்கக் கொடுக்கலாம். அதுவும் இயலாவிடின், நீர்நிலைக்கு அப்பால் ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். இரண்டு படி நெல்லின் விலை ஒரு குழந்தையின் கண்ணுக்கு ஈடாகாது.

கிராம அதிகாரிகளின் பங்கு

காற்றில் வரும் நோய் பட்டா எல்லையை அறியாது. ஒருவர் வயலைச் சுத்தமாக வைத்து, அவருக்கு மேல்மடையில் உள்ளவர் நோயை வளர்ப்பாராயின், இருவரும் நஷ்டமடைவர். ஆகையால் இது தனி ஒருவர் காரியமன்று, ஊர்க் காரியம். பஞ்சாயத்துத் தலைவரும் கிராம நிர்வாக அதிகாரியும் கூட்டுறவுச் சங்கத்தாரும் மனம் வைத்தால் பின்வருவனவற்றை அதிகச் செலவின்றிச் செய்யலாம். நாற்று விடும் வாரத்தில் சங்கக் கட்டடத்தருகே பொது இடத்தில் விதை நேர்த்திக்கு ஏற்பாடு செய்து, சிறு நிலத்தார் யாவரும் ஒரே அளவில் மருந்திட வழி செய்யலாம். அன்றே, கெடு முடியும் தேதியைக் கரும்பலகையில் எழுதி ஊரார் பார்வைக்கு வைக்கலாம். அத்தேதியிலிருந்து புள்ளி கண்ட முதல் வயலைப் பற்றி விரிவாக்க நிலையத்திற்கு அன்றைக்கன்றே தெரிவிக்கலாம். மீந்த மருந்து விதை எந்த ஆலைக்கும் எந்த வீட்டு அடுக்களைக்கும் போகாதபடி எச்சரிக்கலாம்.

மருந்து விற்போர், "இதனை இட்டால் நோயே வராது" என்று சொல்லி விற்பது உண்டு. விவசாய இலாகாவின் ஊழியர்களும் மருந்தைப் பரப்பும் ஆர்வத்தில் அதன் கெடுவைச் சொல்லாது விடுவதுண்டு. இரண்டும் தவறு. "இது நாற்றைக் காக்கும், 40 நாள் காக்கும், அதற்குமேல் நீர் காக்கவேண்டும்" என்று உள்ளபடி சொல்வதனால் மருந்தின் மதிப்புக் குறைவதில்லை. உள்ளபடி சொல்லப்பட்ட வார்த்தையையே குடியானவர் அடுத்த ஆண்டும் நம்புவர்.

இந்த ஆவணியில் விதையை ஊறவைக்கும் ஒவ்வொருவரும், நாற்று விட்ட தேதியோடு நாற்பதாம் நாளையும் சேர்த்து வீட்டு நாட்காட்டியில் குறித்துவைப்பாராக. மருந்தின் காவல் அன்று முடிகின்றது. நிலத்துக்குடையவரின் காவல் அன்று தொடங்குகின்றது.